‘இதெல்லாம் இங்கே சகஜம்மா’ என்று சொல்லிவிட்டால் போதுமா?

தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 52 வயது ஆசிரியை ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், மருத்துவமனை எதுவும் வெளியே வரக் கூடாது என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பா பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர். இவருக்கும் மலத்தில் இரண்டு முறை இரத்தம் தென்படவே, ஐந்து மாதங்களுக்கு முன் நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொண்டார். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் ‘டே கேர்’ முறை. முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவரிடம், குடலைச் சுத்தப்படுத்தும் பேதி மருந்தின் இரண்டாம் பாதியை அங்கேயே உட்கார்ந்து குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆணும் பெண்ணுமாகப் பதினான்கு பேர் காத்திருந்த கூடத்துக்கு ஒரே கழிப்பறை. தாழ்ப்பாள் விழவில்லை. குழாயில் தண்ணீர் நூல் போல வந்தது. இரண்டு முறை போய் வந்தவர் அதற்குமேல் மனம் ஒப்பாமல் மீதி மருந்தைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு கவுன் கொடுத்தார்கள். முதுகுப் பக்கம் மூன்று நாடாவில் ஒன்றுதான் மிச்சம். ஓரத்தில் பழுப்புக் கறை. உள்ளாடை வரை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அந்த ஒரு துணியோடு ஒன்றரை மணி நேரம் நடைபாதை பெஞ்சில், ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இடுப்புக்குக் கீழே எதையும் போர்த்தாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். மயக்கம் ஏறுவதற்குள் கதவு இரண்டு முறை திறந்தது. ஒரு முறை ஃபைல் கேட்டு வந்த பையன் கையில் செல்போன் இருந்தது. கண் விழித்தபோது படுக்கை நனைந்திருந்தது. மகள்தான் தன் துப்பட்டாவை நனைத்துத் துடைத்துவிட்டாள். “இதெல்லாம் இங்கே சகஜம்மா” என்றாராம் அங்கிருந்த சிஸ்டர்.

ஒரு சிறிய பாலிப்பை, அதாவது குடலின் உட்சுவரில் முளைத்த சதை வளர்ச்சியை, எடுத்து பயாப்ஸி என்ற திசுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். குடல் சரியாகச் சுத்தமாகவில்லை, ஓராண்டுக்குள் மறுபடி செய்ய வேண்டும் என்று அறிக்கை சொல்கிறது. “இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்” என்று எழுதியிருக்கிறார். “டாக்டருக்கு எல்லா உடம்பும் ஒண்ணுதான், நீதான் பெரிசு பண்றே” என்கிறார் கணவர். வழக்குப் போடலாம் என்கிறாள் மகள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேனே, இனி என்ன கேட்க முடியும் என்கிறார் இவர். உள்ளே செலுத்திய அந்தக் கொலனோஸ்கோப்பிக் குழாயாலோ கவுனாலோ நோய் ஏதும் தொற்றியிருக்குமா, இதற்குப் பதிலாக மலப் பரிசோதனையோ ஸ்கேனோ போதாதா என்றும் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நான் இருபது வருடங்களுக்கும் மேலாக எண்டோஸ்கோப்பி அறையில் மருத்துவராக வேலை செய்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் எங்கள் சிஸ்டர்களிடமும் பெயர் சொல்லாமல் வாசித்துக் காட்டினேன். ஒருவர் எழுந்துபோய் எங்கள் கழிப்பறைத் தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் எதையும் பெரிதாக்கவில்லை.

உங்கள் கணவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. வேலையில் இருக்கும்போது எங்கள் கண் திரையில் இருக்கும். குடலின் மடிப்பு எங்கே திரும்புகிறது, பாலிப் எந்த மடிப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் மனம் தேடும். ஆனால் கதவைத் திறந்துகொண்டு ஃபைல் கேட்க வந்தவர் டாக்டர் அல்ல. நடைபாதை பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஆண்களும் டாக்டர்கள் அல்ல. சிகிச்சைக்குத் தேவையான இடத்தை, தேவையான நேரத்துக்குத் திறப்பது வேறு. ஆளைத் திறந்தபடி போட்டுவைப்பது வேறு. கொலனோஸ்கோப்பிக்குத் தேவைப்படும் திறப்பு ஒரு உள்ளங்கை அகலம்தான். முழங்காலை மடக்கி இடது பக்கமாகப் படுத்தால், நடுவில் துளையுள்ள ஒரு துணியைப் போர்த்தி முழு வேலையையும் முடித்துவிடலாம். பின்புறம் மட்டும் திறப்புள்ள, ஒரு முறை போட்டுவிட்டு எறியும் அரைக்கால் சட்டை கடைகளில் கிடைக்கிறது. மேலே ரவிக்கையைக் கழற்றச் சொல்வதற்குப் பெரும்பாலும் மருத்துவக் காரணமே கிடையாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பெரியவரிடம். நான் இந்த வேலைக்கு வந்த புதிது. எழுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர், வேட்டியை அவிழ்க்க மாட்டேன் என்று நின்றார். “நேரமாகுது பெரியவரே” என்று சொல்லி அவிழ்க்க வைத்தோம். அப்போதெல்லாம் மயக்கம் கொடுப்பது குறைவு. மனிதர் இரண்டு கைகளாலும் முன்புறத்தைப் பொத்திக்கொண்டு, வயிற்றை இறுக்கிக்கொண்டு படுத்திருந்தார். குழாய் முதல் வளைவைத் தாண்டவே இல்லை. நிறுத்திவிட்டேன். மறுவாரம் வந்தபோது மூத்த சிஸ்டர் ஒருவர், அவருடைய துவைத்த வேட்டியையே இரண்டாக மடித்து இடுப்பில் போர்த்தி, பின்னால் மட்டும் சிறிது விலக்கிவிட்டார். பெரியவர் கையை எடுத்துத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டார். வயிறு தளர்ந்தது. பத்து நிமிடத்துக்குள் குழாய் பெருங்குடலின் கடைசி வரை போய்விட்டது. முதல் வாரம் அவரைத் தோற்கடித்தது நாங்கள்தான்.

உங்கள் விஷயத்திலும் அதுதான் நடந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய அறிக்கையில் ‘பாஸ்டன் அளவுகோல்: 4’ என்று இருக்கிறது. பெருங்குடலை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சுத்தத்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவோம். மொத்தம் 9. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 2 இருந்தால்தான் பார்த்தது போதும் என்று சொல்ல முடியும். மீதி மருந்து தொட்டிக்குப் போன காரணத்தால்தான் உங்களுக்கு 4 வந்தது. அதைக் குடிக்க முடியாமல் செய்தது அந்தத் தாழ்ப்பாள். கண்ணியம் ஒரு பக்கம், சிகிச்சை ஒரு பக்கம் என்று பேசுகிறவர்களிடம் இந்த மதிப்பெண்ணைக் காட்டலாம். பத்து ரூபாய் தாழ்ப்பாளுக்காக ஒரு பரிசோதனையே வீணாகிவிட்டது.

படுக்கை நனைந்ததைப் பற்றி

கடிதத்தில் இந்த இடத்தில் மட்டும் உங்கள் கையெழுத்து மாறியிருக்கிறது. “சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன், மகள் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள்.

அது உங்கள் உடம்பின் தவறு அல்ல. குடல் விரியாவிட்டால் உள்ளே எதுவும் தெரியாது. அதற்காக நாங்கள்தான் காற்றையோ கார்பன் டை ஆக்சைடையோ உள்ளே செலுத்துகிறோம். ஒட்டியிருப்பதைக் கழுவத் தண்ணீரும் பீய்ச்சுகிறோம். உறிஞ்சி எடுத்தாலும் கொஞ்சம் மிஞ்சும். மயக்கத்தில் ஆசனவாய்ச் சுருக்குத்தசை தளர்ந்திருக்கும். குழாயை வெளியே எடுத்ததும் மிச்சத் தண்ணீரும் காற்றும் வெளியேறத்தான் செய்யும். ஆணோ பெண்ணோ, படித்தவரோ படிக்காதவரோ, பெரும்பாலோருக்கு இது நடக்கிறது. காற்றுப் பிரிந்துவிட்டதா என்று நாங்களே நோயாளியைக் கேட்போம், ஏனென்றால் பிரியாவிட்டால்தான் வயிற்றுவலி.

ஆகவே ஈரமாவது சகஜம் என்று சிஸ்டர் சொன்னது சரிதான். ஈரத்திலேயே கிடக்கவிடுவதுதான் சகஜம் ஆகக் கூடாது. படுக்கவைக்கும்போதே கீழே உறிஞ்சும் விரிப்பு போட வேண்டும். குழாய் வெளியே வந்ததும், அறையை விட்டுத் தள்ளிக்கொண்டு போகும் முன்பே, வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, காய்ந்த துணி மாற்றி, ஒரு பேட் வைத்து, போர்த்தி அனுப்ப வேண்டும். இரண்டு பேர் சேர்ந்தால் நான்கு நிமிட வேலை. எங்கள் அறையில் காகிதத்தால் துடைத்தால் நம்மவர்களுக்குச் சுத்தமானதாகவே தோன்றாது என்று சிஸ்டர்கள் சொல்வார்கள். அதனால் கண் விழித்து நிற்க முடிந்ததும் ஆளைத் தாங்கிக் கழிப்பறைக்கு அழைத்துப்போய்த் தண்ணீரால் கழுவிக்கொள்ள விடுகிறோம். வாளியும் குவளையும் சோப்பும் அங்கே இருக்கும்.

ஆள் போதாமல் அந்த சிஸ்டர் ஒருவராகவே ஆறு படுக்கையைப் பார்த்திருக்கலாம். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரு காலைக்குள் எத்தனை பேருக்குச் செய்ய வேண்டும் என்று அட்டவணை போட்டவர்கள்தான் அந்த நான்கு நிமிடத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் அவளுக்குத் துடைத்துவிட்ட நாட்களை அவள் நினைத்திருக்கலாம், நினைக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் வழக்குப் போட வேண்டும் என்று துடிப்பது உங்களுக்கு நடந்தது பொறுக்காமல்தான். கூச்சப்பட வேண்டியது அவள் முன்னால் நீங்கள் அல்ல.

மயக்கத்தில் என்ன நடந்தது என்ற பயம்

“அந்த நாற்பது நிமிடம் எனக்கு நினைவே இல்லை, யார் யார் பார்த்தார்களோ” என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பரிசோதனைக்குப் பயன்படும் மிடசோலம் போன்ற மருந்துகள் நினைவு பதிவதைத் தடுக்கும். அந்த நேரத்தில் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில்கூடச் சொல்லியிருப்பீர்கள். நினைவில்லை என்பதால் தவறாக ஏதோ நடந்தது என்று எண்ணி வருந்தாதீர்கள். தெரிந்துகொள்ள விரும்பினால் வழி இருக்கிறது. மயக்கக் குறிப்பு, செய்முறைக் குறிப்பு, நர்ஸ் குறிப்பு மூன்றின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். நேரமும் பொறுப்பாளர் பெயரும் பெரும்பாலும் அவற்றில் இருக்கும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002 முதல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிமுறைகளில் இருக்கிறது.

செல்போன் விஷயம்: உங்கள் அறிக்கையில் இருக்கும் படங்கள் குடலின் உட்புறம். அவை மருத்துவ ஆவணம். உங்கள் உடலை வெளியிலிருந்து யாராவது படம் எடுத்திருந்தால் அது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது, போன் கையில் இருந்தது என்பது மட்டும்தான். அதை வைத்து ஒருவர் மேல் குற்றம் சொல்ல வேண்டாம். செயல்முறை அறைக்குள் தேவையில்லாத ஆளும் போனும் ஏன் வந்தன என்று கேட்கலாம். அந்தக் கேள்வியே போதுமான அளவுக்குக் கனமானது.

குழாயும் கவுனும்

கொலனோஸ்கோப்பிக் குழாய் ஒருவருக்கு ஒன்று என்று புதிதாக வாங்குவது அல்ல. மறுபடி மறுபடி பயன்படுத்துவது. இதைக் கேட்டதும் முகம் சுளிக்காதவர் இல்லை. ஆனால் அதன் சுத்தத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. குழாயை வெளியே எடுத்த உடனே படுக்கைப் பக்கத்திலேயே துடைத்து, உள்துளை வழியாகச் சோப்புநீரை உறிஞ்சவைக்க வேண்டும். காய்ந்துபோனால் அழுக்கு போகாது. பிறகு எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று கசிவுச் சோதனை. பிறகு என்சைம் கலந்த நீரில், நீண்ட பிரஷ்ஷால் உள்துளைகளைத் தேய்ப்பது. இந்தக் கட்டம்தான் உயிர்நாடி. தேய்க்காத குழாயை எந்த மருந்தில் ஊறவைத்தாலும் பயனில்லை. பிறகு 2 சதவீத குளுட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினியில் 20 நிமிடம், அல்லது அதற்கு இணையான வேறு மருந்தில் அதற்குரிய நேரம். பிறகு அலசி, உள்ளே ஆல்கஹால் செலுத்தி, உலர்த்தி, தொங்கவிட வேண்டும். பாலிப்பைப் பிடித்த கருவி குடலின் உட்சவ்வைக் கிழிப்பது, எனவே அது கிருமி முற்றிலும் நீக்கியதாகவோ, ஒரு முறை பயன்படுத்துவதாகவோ இருக்க வேண்டும்.

இந்த வரிசை ஒழுங்காக நடந்தால் குழாய்வழித் தொற்று மிக அரிது. நடந்ததா என்பதை உங்கள் ஊரிலிருந்து நானோ நீங்களோ சொல்ல முடியாது. கவுனையும் கழிப்பறையையும் கவனிக்காத இடம் குழாயைக் கவனித்திருக்குமா என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. அதே சமயம், வெளியே அழுக்காக இருந்தும் குழாய் அறையைக் கண்ணும் கருத்துமாக நடத்தும் டெக்னீஷியன்களை எனக்குத் தெரியும். மனம் சமாதானமாக, ஆறு மாதம் முடிந்ததும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி மூன்றுக்கும் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இல்லை என்று வந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

கவுனைப் பொறுத்தவரை, பழைய கறை எல்லாம் கிருமி அல்ல. 71 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் துவைத்த துணியிலும் அயோடின் கறை போகாது. ஆனால் நாடா அறுந்து கறை படிந்த துணியை நோயாளிக்குத் தரக் கூடாது, அதைக் கழித்துவிட வேண்டும். உங்களுக்குத் தொடையிடுக்கில் வந்த அரிப்பு படர்தாமரையாக இருக்கலாம். அது துணி வழியாகப் பரவக்கூடியதுதான். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் தானாகவும் வரும். எங்கிருந்து வந்தது என்று இப்போது நிரூபிக்க முடியாது. அதைவிட முக்கியமானது, மெடிக்கலில் கேட்டு வாங்கிப் பூசுவதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் களிம்பின் பெயரைப் பார்த்தேன். ஸ்டீராய்டு கலந்தது. இரண்டு நாள் அடங்கி, மறுபடி அகலமாகப் பரவவிடும். இன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

வேறு பரிசோதனை போதாதா?

இந்தக் கேள்விக்கு உங்களுக்குப் பிடிக்காத பதில்தான் இருக்கிறது.

எடுத்த பாலிப் 6 மில்லிமீட்டர், அடினோமா வகை. புற்றுநோய் அல்ல. விட்டிருந்தால் பல வருடங்களில் அப்படி மாறக்கூடிய ஒன்று, இப்போது போய்விட்டது. மீதிக் குடலை முழுமையாகப் பார்க்கவில்லை என்பதுதான் பிரச்சினை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடும் பரிசோதனை நல்ல பரிசோதனைதான். ஆனால் சிறிய பாலிப்கள் பெரும்பாலும் இரத்தம் கசியவிடாது. அப்பாவுக்குப் புற்றுநோய், உங்களுக்கு ஏற்கெனவே ஒரு அடினோமா, இடையில் இரத்தப்போக்கு. இந்த நிலையில் அது ‘இல்லை’ என்று வந்தாலும் நான் நம்ப மாட்டேன். சி.டி. ஸ்கேன் மூலம் குடலைப் பார்க்கும் முறைக்கும் வழக்கமாகப் பேதி மருந்து உண்டு. ஆசனவாயில் சிறிய குழாய் வைத்துக் காற்றும் செலுத்துவார்கள். தட்டையான சிறு பாலிப்களைத் தவறவிடும். ஏதாவது தெரிந்தால் மறுபடி கொலனோஸ்கோப்பிக்கே வர வேண்டும்.

பாலிப் புற்றுநோயாக மாறுவதற்குப் பொதுவாகப் பல வருடங்கள் ஆகும் என்பதால் நாளைக்கே ஓட வேண்டியதில்லை. ஓராண்டு என்று கொடுத்த கெடுவில் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. மறுபடி இரத்தம் போனாலோ, எடை குறைந்தாலோ, மலம் போகும் வழக்கம் மாறினாலோ காத்திருக்க வேண்டாம். அந்த மருத்துவமனைக்கே போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அறிக்கை, பயாப்ஸி முடிவு இரண்டையும் எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போங்கள்.

அடுத்த முறைக்கு முன் கேட்க வேண்டியவை

நாள் குறிக்கும் முன்பே, டாக்டரைப் பார்க்கும்போதே கேளுங்கள். அன்றைக்குக் காலையில், பசியோடும் பேதியோடும் இருக்கும்போது யாராலும் உரிமை பேச முடியாது. முடிந்தால் முன்கூட்டியே போய் அந்தக் கழிப்பறையை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

பேதி மருந்தை எங்கே குடிப்பது? இதுதான் முதல் கேள்வி. பாதியை முந்தைய மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பு தொடங்கி, இரண்டு மணி நேரம் முன்பே முடிக்கும்படியும் குடிப்பது சிறந்த முறை. உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேர பஸ் பயணம் என்பதால், காலை நேரத்துக்குப் பதிலாக மதியம் கேளுங்கள். இல்லாவிட்டால் முந்தைய நாளே வந்து உறவினர் வீட்டிலோ, கழிப்பறையுள்ள லாட்ஜ் அறையிலோ தங்குங்கள். கடைசியாகப் போவது மஞ்சள் நிறத் தெளிந்த நீராக இருந்தால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். ஏதாவது காரணத்தால் மருந்தை முழுதாகக் குடிக்கவில்லை என்றால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். சர்க்கரை மாத்திரை, இரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதும் எடுத்தால் அதையும்.

உடையை எப்போது மாற்றுவது? உங்கள் முறை வரும்போது மாற்றினால் போதும். கவுன் ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலுமாக இரண்டு கேளுங்கள். அதைவிட எளிது, உங்கள் பழைய உள்பாவாடையும் முன்புறம் திறக்கும் நைட்டியும். எங்களிடம் வரும் அம்மாக்களில் பலர் இப்படித்தான் வருகிறார்கள், எந்த இடைஞ்சலும் இல்லை. பாலிப்பை மின்சாரத்தால் அறுக்க நேரலாம் என்பதால் நகையைக் கழற்றச் சொல்வதில் காரணம் இருக்கிறது. தாலியைக் கழற்ற மனமில்லை என்றால் முன்பே சொல்லுங்கள். மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டோ, பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டோ சமாளிக்கும் இடங்கள் நிறைய.

பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேட்கலாம். ஆனால் மாவட்டங்களில் இந்தத் துறையில் பெண்கள் இன்னும் குறைவு. அதற்காக வருடக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். ஆண் மருத்துவர் செய்யும்போது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு பெண் ஊழியர் கூடவே இருக்க வேண்டும் என்று கேளுங்கள். மாணவர்கள் இருப்பார்களா என்றும் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்காக உங்கள் சிகிச்சை குறையக் கூடாது. விழித்திருந்து கவனிக்க விரும்பினால் மயக்கம் இல்லாமலோ, மிகக் குறைவாகவோ செய்துகொள்ளலாம். கொஞ்சம் முறுக்கிப் பிடிக்கும், பலர் தாங்கிக்கொள்கிறார்கள். நடந்தது எதுவும் தெரியாமல் போனதுதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்றால் இதை யோசியுங்கள்.

கையெழுத்து, புகார், வழக்கு

நீங்கள் கையெழுத்துப் போட்டது கொலனோஸ்கோப்பிக்கு, பாலிப் இருந்தால் எடுப்பதற்கு, மயக்கத்துக்கு. நடைபாதையில் அரைகுறையாக உட்காரவைப்பதற்கு அல்ல. ஒரு பரிசோதனைக்குத் தந்த ஒப்புதலை வேறொரு அறுவைக்கும் சேர்த்துத் தந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒப்புதல் என்பது அதில் எழுதியிருக்கும் அளவுக்குத்தான்.

தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் இருக்கின்றன. ஐந்தாவது உரிமை இரகசியம், மனித கண்ணியம், தனிமை பற்றியது. ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும், அதற்கு ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் கடமை என்று அதிலேயே இருக்கிறது. 2019-இல் மத்திய சுகாதார அமைச்சகம் இதை நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: சாசனம் தனிச் சட்டம் அல்ல. அதை மீறினார்கள் என்பதற்காக மட்டும் யாருக்கும் தண்டனை வராது. ஆனால் புகாரில் அதை மேற்கோள் காட்டலாம்.

என் ஆலோசனை, முதலில் மருத்துவமனைத் தலைமைக்கு ஒரு கடிதம். கோபத்தைவிட விவரம் அதிகமாக இருக்கட்டும். தேதி, நேரம், தாழ்ப்பாள், தண்ணீர், கவுன், கதவு, படுக்கை, மருந்தைக் கொட்டிய விஷயம் உட்பட அனைத்தும். என்ன மாற்ற வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் பாருங்கள். பதில் இல்லாவிட்டால் மாவட்டத்தின் மருத்துவ, ஊரக நலப் பணிகள் இணை இயக்குநரிடம் போகலாம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகள் 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவாக வேண்டியவை. 104 என்ற எண்ணிலும் புகாரைச் சொல்லலாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் உண்டு. பணம் கட்டிப் பெற்ற மருத்துவம் நுகர்வோர் சேவைதான் என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். உங்கள் செலவு ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. ஆனால் உங்களிடம் படமோ சாட்சிக் கடிதமோ இல்லை. மகளின் வாக்குமூலம்தான் ஆதாரம். வழக்கு இழுக்கும். ஒவ்வொரு முறையும் அந்தக் காலையைத் திரும்பச் சொல்ல நேரும். அதற்கு மனம் இருக்கிறதா என்பதை நீங்களும் மகளும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நான் மருத்துவர். இந்த இடத்தில் ஒரு வழக்கறிஞரின் சொல்லையும் கேட்டுக்கொள்வது நல்லது. போவதானாலும் முதல் கடிதம் உங்களுக்கு உதவும். அதனால் அதை இந்த வாரமே எழுதிவிடுங்கள்.

என் அனுபவத்தில் வழக்கைவிடக் கடிதம் வேகமாக வேலை செய்த இடங்கள் உண்டு. எங்கள் காத்திருப்புக் கூடத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடமும் தனித்தனிக் கழிப்பறையும் வந்தது, ஒரு பாட்டியம்மா பேரனை விட்டு எழுதச் சொன்ன அரைப் பக்கக் கடிதத்தால்தான்.

பரிசோதனை நாளுக்கு ஒரு துணிப்பையைத் தயார் செய்துகொள்ளுங்கள்: பழைய துண்டு இரண்டு, மாற்று உள்ளாடை, மாற்றுப் பாவாடை, நாப்கின் நான்கு, சிறிய சோப்பு, ஒரு பிளாஸ்டிக் குவளை, அழுக்குத் துணிக்கு ஒரு கவர். மயக்கம் வாங்கினால் மறுநாள் வரை வண்டி ஓட்டக் கூடாது, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. துணைக்கு மகளையே அழைத்துப் போங்கள். இந்த முறை அவள் துப்பட்டா நனைய வேண்டி வராது என்று நம்புகிறேன். முடிந்ததும் அறிக்கையில் அந்த அளவுகோல் எண் என்ன என்பதை மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.